தெளிந்த நாளில் எழுதி வைக்க வேண்டிய தாள்: மனநலச் சிகிச்சைக்கான முன்கூட்டிய அறிவுறுத்தலைத் தயாரிப்பது எப்படி?

மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தெளிந்திருக்கும் ஒருவர், நோய் மீண்டும் தீவிரமாகித் தம்மால் முடிவெடுக்க இயலாமல் போனால் தம்மை எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்கக் கூடாது, தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்னதாகவே எழுதி வைக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதை ‘முன்கூட்டிய அறிவுறுத்தல்’ என்ற பெயரில் ஓர் உரிமையாக வழங்குகிறது. 2018 மே 29 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும், இதுவரை மனநோயே வராதவர் உட்பட, இதை எழுதலாம். அப்படிப்பட்ட தாளை எழுதும் முறையையும், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன். வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தாளை நிரப்புபவர்கள் அதை இன்னொரு அரசுப் படிவமாக மட்டுமே எண்ணி, பெயரையும் முகவரியையும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.

சென்னையில் 1794இல் மருத்துவர் வாலண்டைன் கொனொலி தொடங்கிய காப்பகம்தான் இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வேர். 1871இல் அது இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாக மாறும் அளவுக்கு நம் பேச்சில் அந்த இடம் பதிந்துபோனதற்கு அங்கே இருந்த நோயாளிகள் காரணமல்லர். உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது என்ற மக்களின் அனுபவமே காரணம். 1858ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பின் வந்த 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் முதன்மையாக ஒரே கேள்வியைத்தான் எழுப்பின: யாரை, யார் ஆணையின்பேரில் உள்ளே வைப்பது? உறவினர் மனு கொடுப்பார், இரண்டு மருத்துவர்கள் சான்றளிப்பார்கள், நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆணையிடுவார். உள்ளே போகிறவருக்கு என்ன வேண்டும் என்று எழுத அந்தக் காகிதங்களில் இடமே இல்லை. 1946இல் அறிக்கை அளித்த, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு, இத்தனை பெரிய நாட்டில் மனநல மருத்துவமனைப் படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே இருப்பதையும், இருக்கும் மருத்துவமனைகளும் மோசமான நிலையில் இருப்பதையும் பதிவு செய்தது.

மாற்றம் சட்டத்துக்கு முன்பே சில மருத்துவர்களிடமிருந்து தொடங்கியது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்தில் கூடாரம் அமைத்துத் தங்கச் செய்து, சிகிச்சையில் அவர்களையும் பங்கேற்க வைத்தார். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணியாக நீண்ட காலம் பணியாற்றி, புறநோயாளிச் சேவைகளையும் மறுவாழ்வுப் பணிகளையும் வளர்த்தார். 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபை உருவாக்கினார். 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. மாவட்டத் திட்டத்தைத் தொடக்கத்திலேயே பெற்ற மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

ஆனால் சட்டம் இவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1987இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்தின்கீழ், சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவரை உறவினர் அல்லது நண்பர் ஒருவரின் விண்ணப்பத்தையும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களையும் கொண்டு 90 நாட்கள் வரை மருத்துவமனையில் வைத்திருக்க முடிந்தது. அதே 1993இல், குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அன்றைய நிலையை ஊகிக்கலாம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களைத் தர்காவின் அருளை நம்பி அழைத்துவந்தவர்கள் குடும்பத்தினர்தாம். அன்பில்லாமல் விட்டுச்சென்றவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் வேறு வழி தெரியாமல், அருகில் மருத்துவர் இல்லாமல், பணம் இல்லாமல், நம்பிக்கையோடு விட்டுச்சென்றவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்நிகழ்வை விசாரணைக்கு எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றுறுதி செய்தபின், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது என்பது தெளிவாகி, 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் பிறந்தது. அதன் 95ஆம் பிரிவு, எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது.

இனி, எழுதும் முறைக்கு வருவோம்.

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் தணிந்து, உறக்கமும் பசியும் சீராகி, மருந்தின் அளவு சில மாதங்களாக மாறாமல் இருக்கும் காலமே ஏற்றது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாளே ‘எழுது’ என்று வற்புறுத்துவது கொடுமை. நினைவுகள் அப்போது ஆறாத புண்ணாக இருக்கும். அதே சமயம், எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் கூடாது. எழுத வேண்டியவர் அவரே என்பதையும் குடும்பத்தினர் மனத்தில் இருத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதலாம். ஆனால் சொற்கள் அவருடையவையாக இருக்க வேண்டும். ‘என்னை நல்ல முறையில் கவனித்துக்கொள்ளவும்’ என்று மகன் எழுதித் தாயிடம் கைநாட்டு வாங்கும் தாளால் யாருக்கும் பயனில்லை.

தாளின் முதல் பகுதியில், தம்மை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை எழுத வேண்டும். இங்கே பொதுவான ஆசைகளைவிட நுணுக்கமான விவரங்களே மருத்துவருக்கு உதவும். நோய் மீண்டும் வருவதற்கு முன் தமக்கு வழக்கமாகத் தென்படும் அறிகுறிகள் எவை (தொடர்ந்து மூன்று இரவுகள் உறங்காமை, அளவுக்கு மீறிய செலவு, யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் போன்றவை), இதுவரை எந்த மருந்து எந்த அளவில் பயன் தந்தது, எது கைநடுக்கத்தையோ தாங்க முடியாத சோர்வையோ உண்டாக்கியது, ஒவ்வாமை ஏதும் உண்டா, சர்க்கரை, தைராய்டு போன்ற வேறு நோய்களுக்கு என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார், முதலில் எந்த மருத்துவரை அழைக்க வேண்டும், வீட்டிலேயே கவனிக்க முடிந்தால் அதை எத்தனை நாள் முயன்று பார்க்கலாம் என்பவற்றை வரிசையாக எழுதலாம். பழைய மருந்துச் சீட்டுகளை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினால் பெயர்கள் பிழையாகாது. தம் அடிப்படை மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவு நோயாளிக்கு அளிக்கிறது. கையில் எதுவும் இல்லையெனில் முன்பு சிகிச்சை பெற்ற இடத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.

மருந்தைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. எந்த மொழியில் தம்மிடம் பேச வேண்டும், உணவில் எதைத் தவிர்க்க வேண்டும், தொழுகைக்கோ விளக்கேற்றுவதற்கோ இடம் வேண்டுமா, யார் பார்க்க வரலாம், யார் வரக் கூடாது, பள்ளி செல்லும் பிள்ளைகளை அந்த நாட்களில் யார் கவனிப்பார்கள் என்பனவெல்லாம் நோயின் போக்கையே மாற்றக்கூடியவை. குறிப்பாகப் பெண்கள், பிள்ளைகளைப் பற்றிய கவலையாலேயே மருத்துவமனைக்கு வர மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி தாளில் உறுதியாக இருந்தால் அவர்களின் மறுப்பு பாதியாகக் குறையும்.

இரண்டாம் பகுதி, எப்படிக் கவனிக்கக் கூடாது என்பது. எங்கள் வீட்டில் இதை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. என் அக்கா இளம் வயதில் நோயுற்றபோது சேர்க்கப்பட்ட ஓர் இல்லத்தில், பேன் வரும் என்று காரணம் சொல்லி, அவரைக் கேட்காமலேயே தலையை மழித்துவிட்டார்கள். முடி வளர்ந்துவிட்டது, அவமானம் வளர்ந்த முடியால் மறையவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தாளை எழுத உட்கார்ந்தபோது அவர் எழுதிய முதல் வரி, ‘என் தலைமுடியை யாரும் வெட்டக் கூடாது’ என்பதுதான். கட்டாயமாகத் தலைமழிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. விரும்பினால் சொந்த உடையை அணிந்துகொள்வதையும், அந்தரங்கம் காக்கப்படுவதையும், மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையான பொருட்கள் கிடைப்பதையும் அதே பிரிவு உரிமையாக்குகிறது. சட்டத்தில் இருக்கிறதே, மீண்டும் எதற்கு என்று நினைக்காமல், தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால் சொல்லி எழுதுவது நல்லது. புதிதாகப் பொறுப்பேற்ற செவிலியருக்குச் சட்டப் பிரிவைவிட அந்த வரி தெளிவாகப் பேசும்.

மின் அதிர்வு சிகிச்சை பற்றிய விருப்பத்தையும் இங்கேயே எழுத வேண்டும். தசைத்தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் அதை அளிப்பது இப்போது தடை செய்யப்பட்டுள்ளது. முறையாக அளிக்கப்படும்போது கடுமையான மனச்சோர்வில் அது உயிர்காக்கும் சிகிச்சை என்பதை மருத்துவர்கள் நன்கறிவார்கள். ஆகவே திரைப்படங்களில் பார்த்த காட்சிகளை வைத்து மறுக்காமல், மருத்துவரிடம் ஒரு முறை விரிவாகக் கேட்டுவிட்டு, வேண்டும், வேண்டாம், இன்னின்ன நிலையில் மட்டும் வேண்டும் என்று எதையாவது தெளிவாக எழுதுவதே சரி. எல்லா மருந்தையும் எல்லா மருத்துவமனையையும் ஒட்டுமொத்தமாக மறுக்கும் தாள் எழுதியவரையே கைவிட்டுவிடும் என்பது என் கருத்து. ‘இது வேண்டாம், அதற்குப் பதில் இது’ என்று எழுதப்பட்ட தாளை மருத்துவர் பின்பற்றுவது எளிது.

மூன்றாம் பகுதியில், தம் சார்பில் பேசப்போகிறவரான ‘நியமனப் பிரதிநிதி’யின் பெயர் வர வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோரை முன்னுரிமை வரிசையில் குறிப்பிடலாம். பிரதிநிதி வயது வந்தவராகவும், பொறுப்பை நிறைவேற்றும் தகுதி உடையவராகவும், எழுத்துமூலம் சம்மதித்தவராகவும் இருக்க வேண்டும். அவர் இரத்த உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், உடன் பணிபுரிபவர் யாராகவும் இருக்கலாம். யாரையும் குறிப்பிடாவிட்டால், உறவினர், அவர் இல்லையெனில் பராமரிப்பவர், அவரும் இல்லையெனில் மனநல மறுஆய்வு வாரியம் நியமிக்கும் ஒருவர் என்ற வரிசையில் பொறுப்பு செல்லும்.

இந்த இடத்தில் பல குடும்பங்கள் புண்படுகின்றன. ‘இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்ட என்னை விட்டுவிட்டுத் தோழியின் பெயரை எழுதுகிறாளே’ என்று ஒரு தாய் அழுதால் அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது. இந்தச் சட்டம் குடும்பத்தின் சுமையைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று மனநல மருத்துவர்களிலேயே பலர் விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனத்தை நான் முழுவதுமாகத் தள்ளிவிடமாட்டேன். அமிர்தசரஸின் கூடாரங்கள் காட்டியது போல, குடும்பம் உடனிருந்தால் நோயாளி விரைவில் தேறுகிறார். ஆனால் உடனிருப்பது வேறு, அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது வேறு. சோறு ஊட்டுபவர் ஒருவராகவும், மருத்துவரிடம் அவர் விருப்பத்தைச் சொல்பவர் மற்றொருவராகவும் இருப்பதில் பிழையில்லை. பிரதிநிதி தம் சொந்தக் கருத்தை அல்ல, நோயாளியின் இன்றைய விருப்பத்தையும் முந்தைய விருப்பத்தையும், அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் மதிப்பீடுகளையும் கருத்தில் கொண்டே செயல்பட வேண்டும் என்று 17ஆம் பிரிவு கடமை விதிப்பதையும் அந்தத் தாயிடம் பொறுமையாக விளக்க வேண்டும்.

எழுதி முடித்ததும், இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் நாளிட்டுக் கையெழுத்திடுங்கள். சாட்சிகளும் பிரதிநிதியும் கையெழுத்திடட்டும். பின்னர் தாளை மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையில், மாவட்ட ஆட்சியரின் சார்பாளர், ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர் ஆகியோருடன், மனநோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு நிறுவனத்தினரிலிருந்து இருவரும் இவ்வாரியத்தில் அமர்கிறார்கள். 1912இல் யாரை உள்ளே அனுப்பலாம் என்று அரசு நடுவர் ஒருவர் தீர்மானித்த இடத்தில், இன்று உள்ளே இருந்து வந்தவரும் நாற்காலி போட்டு அமரலாம் என்பது சிறிய மாற்றமன்று. உங்கள் மாவட்டம் எந்த வாரியத்தின்கீழ் வருகிறது என்பதை மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, மாநில மனநல ஆணையத்திலோ கேட்டறியலாம். சட்ட உதவி தேவைப்பட்டால் 27ஆம் பிரிவின்படி அது இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பதிவு செய்ததோடு வேலை முடியவில்லை. தாள் மருத்துவரின் கைக்குச் சென்று சேர்வது எழுதியவர், பிரதிநிதி ஆகியோரின் பொறுப்பு. நகல் தரப்படாத நிலையில் அதைப் பின்பற்றாத மருத்துவரைச் சட்டம் குற்றம் சொல்லாது. ஆகவே வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு நகல், பிரதிநிதியிடம் ஒரு நகல், வீட்டில் ஒரு நகல், கைப்பேசியில் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் எப்போது உயிர் பெறுகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. எழுதியவர் முடிவெடுக்கும் திறனை இழந்திருக்கும் காலத்தில் மட்டுமே அது செல்லும். அவர் தெளிவாக இருந்தால் அன்று அவர் வாயால் சொல்வதே முடிவு. திறன் இருக்கிறதா என்பதைச் சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்வது, விளைவுகளை உணர்வது, சொல்லாலோ சைகையாலோ முடிவைத் தெரிவிப்பது ஆகியவற்றைக் கொண்டே பார்க்க வேண்டும். அவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாளில் உள்ளதைப் பின்பற்ற வேண்டாம் என்று மருத்துவரோ உறவினரோ கருதினால், அவர்களாகவே அதை ஒதுக்கிவைக்க இயலாது. வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். எழுதியவருக்குப் போதிய தகவல் கிடைத்திருந்ததா, தம் விருப்பத்துக்குத்தான் எழுதினாரா, இன்றைய நிலையை அன்று எதிர்பார்த்திருந்தாரா என்று வாரியம் ஆராயும்.

இரண்டு எல்லைகள் உண்டு. உயிருக்கு ஆபத்து, தமக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு நேரும் அபாயம் போன்ற அவசர நிலையில் தாள் பொருந்தாது. பிரதிநிதி உடனிருந்தால் அவருடைய சம்மதத்துடன், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்கு எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் அவசரச் சிகிச்சை அளிக்கலாம். ஆனால் மின் அதிர்வு சிகிச்சையை அவசரச் சிகிச்சையாக அளிக்க அப்போதும் அனுமதியில்லை. மற்றொன்று, இந்தத் தாள் சிகிச்சையை மட்டுமே ஆளும். வங்கிக் கணக்கு, நிலம், வீடு பற்றி இதில் எழுதினால் செல்லாது.

சேர்க்கை நாளன்று, தாளுடன் செல்லும் பிரதிநிதி சிலவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். நோயாளி தாமாக விரும்பிச் சேர்ந்தால், அவர் கேட்கும்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மேலும் மதிப்பீடு தேவை எனில் 24 மணி நேரம் வரை மட்டுமே தாமதிக்கலாம். பிரதிநிதியின் விண்ணப்பத்தில், உயர் ஆதரவு தேவைப்படும் நிலையில் (நோய் தீவிரமாகி, முடிவெடுக்கப் பிறரின் மிகுந்த உதவி தேவைப்படும் நிலையில்) நடக்கும் சேர்க்கைக்கு, ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். காலம் 30 நாட்கள் வரை. பழைய சட்டத்தின் 90 நாட்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாட்களுக்குள்ளும், மற்றவர்களாயின் 7 நாட்களுக்குள்ளும் வாரியத்துக்குத் தகவல் செல்ல வேண்டும். சென்றதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. இச்சேர்க்கையை எதிர்த்து விண்ணப்பித்தால் வாரியம் 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் அது பொருந்த வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்வதையும் எடுத்துக்காட்டலாம்.

இரவு நேரத்தில் யாரை அழைப்பது என்று தெரியாத நிலையில் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

தாளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். ஆண்டுக்கு ஒரு முறை, மருந்து மாறியபோதும், பிரதிநிதி ஊர் மாறியபோதும், திருமணம், குழந்தைப்பேறு, துணையின் மறைவு போன்றவை நிகழ்ந்தபோதும் எடுத்துப் படித்துப் பாருங்கள். திருத்தியதைப் பழைய நகல்கள் இருக்கும் எல்லா இடங்களிலும் மாற்றி வைத்து, பழையதைக் கிழித்துவிடுங்கள். என் அக்கா தம் தாளை இதுவரை மூன்று முறை திருத்தியிருக்கிறார். இரண்டாம் முறை ஒரு மருந்தின் பெயரை அடித்தார், மூன்றாம் முறை என் பெயரை இரண்டாம் இடத்துக்கு நகர்த்தித் தம் தோழியின் பெயரை முதலிடத்தில் எழுதினார். அன்று சாட்சிக் கையெழுத்துகளுக்கு மேலே, இரண்டாம் பிரதிநிதியாக நானும் கையெழுத்திட்டேன். தலைமுடி பற்றிய வரி மட்டும் எல்லாத் தாள்களிலும் அதே இடத்தில், முதல் வரியாக இருக்கிறது.